கணுக்கால் கயிறும் கலங்கும் வயிறும்: விளையாடும் பெண்பிள்ளைகளும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

நான் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகளுக்கு "பி.டி. மிஸ்". கபடிக்கும் தடகளத்துக்கும் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று இருபது வருடமாக அலைகிறேன். கீழே இருக்கும் கேள்விகளில் பாதி, போட்டிக்கு முந்தின ராத்திரி ஏதாவது ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும்போது இருட்டில் வந்தவை. மீதி, அம்மாக்கள் போனில் கேட்டவை. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

போட்டிக்கு முன்னாடி வயித்தக் கலக்குது, கை சில்லுனு ஆயிடுது, நாலு தடவை பாத்ரூம் போறேன். எனக்கு மட்டும்தானா மிஸ்?

மைதானத்துக் கழிவறை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தாலே பதில் தெரியும். அதில் போன வருட சாம்பியனும் நிற்பாள்.

ஓடவோ மோதவோ போகிறோம் என்று தெரிந்ததும் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கும். ரத்தம் தோலையும் குடலையும் விட்டுத் தொடைத் தசைகளுக்குப் போகும். அதனால்தான் கை சில்லிடுகிறது, வயிறு புரள்கிறது, வாய் காய்கிறது. செரிமானம் மெதுவாகிவிடும் என்பதால், சாப்பாட்டைப் போட்டிக்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடு. காலையில் அம்மா ஆசையாகக் கட்டிக்கொடுத்த பூரியை மத்தியானத்துக்கு வைத்துக்கொள். காலைக்கு இரண்டு இட்லியும் வாழைப்பழமும் போதும்.

முந்தின ராத்திரி தூக்கம் வரவில்லை என்றாலும் பயப்படாதே. ஒரு ராத்திரி தூக்கம் கெட்டதால் ஓட்டம் கெட்டுவிடாது. அந்த வாரம் முழுக்க எப்படித் தூங்கினாய் என்பதுதான் கணக்கு.

படபடப்பு வந்தா தோத்துடுவோமா?

படபடப்போடு ஜெயித்தவர்களும் உண்டு, தோற்றவர்களும் உண்டு. தோற்பது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட விதத்தில் நடக்கும். 1993 விம்பிள்டன் இறுதிப் போட்டியை எடுத்துக்கொள். செக் வீராங்கனை யானா நோவோட்னா, ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராகக் கடைசி செட்டில் 4-1 என்று முன்னிலையில் இருந்தார். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் 5-1. அந்த இடத்தில் இரண்டு சர்வையும் தவறாகப் போட்டார். அதன்பின் ஒரு கேம்கூட எடுக்கவில்லை. 6-4 என்று செட்டும் கோப்பையும் போயின. பரிசளிப்பில் அரச குடும்பத்துக் கென்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து அழுதது டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். ஐந்து வருடம் கழித்து 1998இல் அதே கோப்பையை வாங்கினார்.

வருடக்கணக்கில் பழகிய வேலையைக் கை தானாகச் செய்கிறது. பதற்றம் வரும்போது மூளை நடுவே புகுந்து மேற்பார்வை பார்க்கத் தொடங்குகிறது. எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்துக்கொண்டே மாடிப்படி இறங்கிப் பார், தடுக்கும். அதுதான் கதை.

ஓட்டக்காரிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2010 முதல், துப்பாக்கிச் சத்தத்துக்கு முன் ஒரே ஒரு தடவை கிளம்பினாலும் வெளியேற்றம்தான். அதனால் என் பிள்ளைகளிடம் "முதல்ல கிளம்பணும்" என்று சொல்வதையே விட்டுவிட்டேன். "சத்தம் கேக்கட்டும்" என்று மட்டும் சொல்வேன்.

அந்த நேரத்துல என்னதான் செய்யறது?

மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். நாலு எண்ணி இழுத்து ஏழு எட்டு எண்ணி விடு, ஐந்தாறு தடவை. இதயத் துடிப்பு இறங்கும். கபடிக்காரிக்கு இது புதிதல்ல. ரைடு முழுக்க ஒரே மூச்சில் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே போவதும் நீளமாக மூச்சு விடுவதுதானே. பதற்றத்தில் இருக்கும் ரைடரை நான் பாட்டை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். பத்தாவது விநாடியிலேயே குரல் அறுந்து அறுந்து வரும்.

"அமைதியாயிரு" என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்வதால் பெரிய பயன் இல்லை. குதிக்கிற இதயத்தை வார்த்தையால் உட்கார வைக்க முடியாது. 2014இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. பாடவும் மேடையில் பேசவும் போகிறவர்களில் சிலரை "நான் அமைதியாக இருக்கிறேன்" என்றும், சிலரை "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்றும் சொல்ல வைத்தார்கள். இரண்டாவது கூட்டம்தான் நன்றாகச் செய்தது. உடம்புக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிலைதான், நாம் வைக்கும் பெயர்தான் வேறு. தமிழில் படபடப்புக்கும் பரபரப்புக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் அதையும் தாண்டி "வெறி ஏறுது மிஸ்" என்பார்கள். அதுவும் சரிதான்.

காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு வேலை வைத்துக்கொள். 2017 மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பையில் இங்கிலாந்துடன் ஆடிய முதல் ஆட்டத்தில் மித்தாலி ராஜ் காலில் பேடு கட்டிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். படிப்பது மனதை நிதானப்படுத்துகிறது என்று பிறகு சொன்னார். அன்று அவர் எடுத்தது 71.

அம்மா கட்டிவிட்ட கறுப்புக் கயிறு கால்ல இருந்தாத்தான் நல்லா ஆடுவேன். நடுவர் அவுக்கச் சொன்னா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கண்முன் நடந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மண்டலப் போட்டி. எங்கள் முதல் ரைடருக்குப் பதினாறு வயது. கபடியில் நகை கூடாது, உடம்பில் எண்ணெய் கூடாது, நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். நடுவர் ஒவ்வொருத்தியின் கையையும் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். இவள் காலைப் பார்த்து நின்றார். "கயித்த அவுரும்மா." ஒன்பது முடிச்சு. மஞ்சளும் வியர்வையும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. நகத்தை வேறு முந்தின நாள்தான் ஒட்ட வெட்டியிருந்தோம், முடிச்சைப் பிடிக்க விரலில் ஒன்றும் இல்லை. ஒருத்தி பல்லால் கடிக்கக் குனிந்தாள். கடைசியில் முதலுதவிப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோல் வந்தது. கயிறு அறுந்து கபடி மேட் மேல் விழுந்தபோது அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை.

முதல் மூன்று ரைடிலும், ரைடர் கட்டாயம் தாண்ட வேண்டிய பாக் லைனை மட்டும் தாண்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். டைம் அவுட்டில் ஓடிவந்தவளிடம் என் டிராக் பேண்ட் பாக்கெட்டிலிருந்து கயிற்றை எடுத்துக் காட்டினேன். "எங்கிட்டதான் இருக்கு. பத்திரமா இருக்கு. போ." அடுத்த ரைடில் போனஸ் எடுத்தாள். ஜெயித்தீர்களா என்றால் இல்லை, நாலு பாயிண்டில் தோற்றோம்.

நடுவர் மேல் எனக்குக் கோபமில்லை. கணுக்காலைப் பிடிக்க வருபவளின் விரல் அந்தக் கயிற்றில் மாட்டினால் விரல் முறியும். தப்பு என்னுடையது. இப்போது என் பிள்ளைகள் பஸ் ஏறும் முன்பே கயிற்றை அவிழ்த்துக் கிட் பையில் வைக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் பயிற்சியும் கயிறில்லாமல்தான். தூக்கி எறி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் எப்படி வருது? படிச்ச பிள்ளைகளும் செய்யுதே?

1948இல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் பசியோடிருந்த எட்டுப் புறாக்களைத் தனித்தனிக் கூண்டில் வைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை தீனி விழும்படி செய்தார். சில நாளில் ஆறு புறாக்களுக்கு ஆளுக்கொரு சடங்கு வந்துவிட்டது. ஒன்று கூண்டைச் சுற்றியது, ஒன்று தலையை மூலையில் முட்டியது. தீனி விழுந்த நேரத்தில் தற்செயலாக எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதைத்தான் பிடித்துக்கொண்டது. ஜெயித்த அன்று போட்ட சாக்ஸைத் துவைக்காமல் வைத்திருக்கும் பெண்ணுக்கும் அந்தப் புறாவுக்கும் பெரிய தூரமில்லை. (நானும் ஒரு காலத்தில் அந்தப் புறாதான்.)

இன்னொரு காரணம் எனக்கு இன்னும் பிடிக்கும். நியூ கினி பக்கம் இருக்கும் ட்ரோப்ரியண்ட் தீவு மீனவர்களோடு வாழ்ந்து எழுதியவர் மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர். உள்ளே இருக்கும் அமைதியான காயலில் மீன் பிடிக்கும்போது அவர்கள் மந்திரம் எதுவும் சொல்வதில்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் உள்ள திறந்த கடலுக்குப் போகும்போதுதான் மந்திரம், சடங்கு எல்லாம் என்று கவனித்தார். என் அணியிலும் அப்படித்தான். தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, நெற்றியில் விபூதி இட்டு, வலது காலை முதலில் வைப்பவள் எல்லாம் ரைடர்கள். ஏழு பேர் நிற்கும் இடத்துக்குத் தனியாகப் போகிறவள் அவள். கார்னரில் நின்று பிடிப்பவளுக்குச் சாமி கொஞ்சம் கம்மி.

பெண்களுக்குத்தானே இதெல்லாம் அதிகம்?

ரஃபேல் நடால் தண்ணீர் பாட்டில்களை அளந்து அடுக்குவதை உலகமே பார்த்தது. ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் ஸ்டீவ் வா பாக்கெட்டில் சிவப்புக் கைக்குட்டையோடு ஆட வருவார். அவர்கள் செய்தால் "பழக்கம்", நம் பிள்ளை செய்தால் "பொம்பளைப் பிள்ளைங்க மூடநம்பிக்கை".

பதற்றத்தைப் பொறுத்தவரை, கேள்வித்தாள் வைத்து அளக்கும்போது விளையாட்டுப் பெண்கள் கூடுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆண் பிள்ளைகள் பயத்தை மறைத்து எழுதுவதும் அதில் ஒரு பங்கு. இன்னொரு பங்கு நிஜம். தோற்றால் பையனுக்கு அடுத்த வருடம் இருக்கிறது. பெண்ணுக்கு "போதும், படிப்பைப் பாரு" என்ற பேச்சு வீட்டில் காத்திருக்கிறது.

லக்கி சாமான் நிஜமாவே வேலை செய்யுமா?

ஜெர்மனியில் செய்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. கோல்ஃப் பந்தைக் கொடுக்கும்போது "இது அதிர்ஷ்டப் பந்து" என்று சொல்லிக் கொடுத்தவர்கள் பத்துக்குச் சராசரியாக 6.4 தடவை குழியில் போட்டார்கள். சொல்லாமல் கொடுத்தவர்கள் 4.75. பத்திரிகைகள் கொண்டாடின. 2014இல் இன்னும் நிறையப் பேரை வைத்து அதையே திரும்பச் செய்து பார்த்தபோது வித்தியாசம் காணாமல் போய்விட்டது. எனவே பந்துக்குள் ஒன்றும் இல்லை. வரிசையாக ஒன்றைச் செய்வது பதற்றத்தைக் கொஞ்சம் இறக்கும், அது மட்டும் உண்மை.

செரீனா வில்லியம்ஸ் முதல் சர்வுக்கு முன் பந்தை ஐந்து தடவை தட்டுவார், இரண்டாவதற்கு முன் இரண்டு தடவை. எங்கே ஆடினாலும் பந்தும் கையும் கூடவே இருக்கின்றன, யாராலும் பிடுங்க முடியாது. தட்டும் நேரத்தில் மூச்சும் சீராகிறது. இதை நான் பழக்கம் என்பேன், பிள்ளைகளுக்கும் சொல்லித் தருவேன். ஆனால் அதே செரீனா 2007 பிரெஞ்சு ஓப்பனில் ஜஸ்டின் எனானிடம் தோற்றபின், ஷூ லேஸைச் சரியாகக் கட்டவில்லை, ஐந்து தடவை தட்டவில்லை, குளியலறைச் செருப்பை மைதானத்துக்குக் கொண்டுவரவில்லை, அதனால் இது விதி என்று தெரிந்துவிட்டது என்கிற மாதிரி பேசினார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரி, எதிரில் நின்ற எனானின் பேக்ஹேண்டை விட்டுவிட்டுச் செருப்பைக் குறை சொன்னார். அங்கேதான் எனக்கு நெருடுகிறது.

பளுதூக்கும் மீராபாய் சானுவின் தோடு வேறு ரகம். ஒலிம்பிக் வளையம் போட்ட அந்தத் தங்கத் தோட்டை அவர் அம்மா தன் நகையை விற்று, ரியோவுக்கு முன் செய்து போட்டார். 2016 ரியோவில் ஆறு முயற்சியில் ஒன்றுதான் செல்லுபடியானது, மீராபாய் மொத்த எடைக் கணக்கே இல்லாமல் திரும்பினார். 2021 டோக்கியோவில் 202 கிலோ, வெள்ளி. இரண்டுக்கும் நடுவே தோடு மாறவில்லை. அது அம்மாவின் நினைவு. அதை யாரும் கழற்றச் சொல்ல வேண்டாம்.

பீரியட்ஸ் நேரத்துல ஜெர்சியத் தொட்டா டீமுக்கு ஆகாதுன்னு சீனியர் அக்கா சொல்றாங்க. மேட்ச் அன்னிக்கு வந்துட்டா என்ன பண்றது?

முதலில் ஜெர்சியைத் தொடு. போடு. ஆடு.

போட்டிக்குப் போகும் வழியில் வேனைக் கோயில் வாசலில் நிறுத்திப் பதினொரு பிள்ளைகள் இறங்க, ஒருத்தி மட்டும் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததை என் காலத்திலும் பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன். வேனில் இருப்பவர்களுக்கு அவள் ஏன் இறங்கவில்லை என்று தெரிந்துவிடுகிறது. ஆண் பயிற்சியாளருக்கும் டிரைவருக்கும் தெரிந்துவிடுகிறது. அன்று தோற்றால் யார் பக்கம் கண் திரும்பும் என்று அவளுக்கும் தெரியும். இப்படி ஒருத்தியை மேட் மேல் இறக்கிவிட்டு "டென்ஷன் ஆகாம ஆடு" என்றால் எப்படி? நான் வேனை நிறுத்துவதையே விட்டுவிட்டேன். கும்பிட நினைப்பவர்கள் வீட்டில் கும்பிட்டுவிட்டு வரட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். சுழற்சியின் எந்த நாளில் ஆட்டம் எப்படி இருக்கும் என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது சராசரி வித்தியாசம் மிகச் சிறியதாகத்தான் வந்தது. ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதுதான் முக்கியம். பவுலா ராட்கிளிஃப் 2002 சிகாகோ மாரத்தானில் 2 மணி 17 நிமிடம் 18 விநாடியில் உலக சாதனை படைத்தபோது மாதவிடாய் வலியோடுதான் ஓடியதாகச் சொன்னார். இன்னொரு பக்கம், ரியோவில் சீன நீச்சல் வீராங்கனை ஃபூ யுவான்ஹுய், தொடர் நீச்சலில் நான்காவது வந்தபின் நேற்றுதான் பீரியட்ஸ் வந்தது, களைப்பாக இருக்கிறது என்று கேமரா முன்னால் சொன்னார். 2024 பாரிஸில் 199 கிலோ தூக்கி நான்காவது வந்த மீராபாயும் அது தனக்கு மூன்றாவது நாள் என்று சொன்னார். வலியும் களைப்பும் நிஜம். அவற்றைப் பேசலாம், மருந்து சாப்பிடலாம், பயிற்சியைக் குறைக்கலாம். தீட்டு என்பது அந்தக் கணக்கிலேயே வராது.

கறை பட்டுவிடுமோ என்ற பயமும் சின்ன விஷயம் இல்லை. நூறு வருடத்துக்கு மேல் வெள்ளையைத் தவிர எதையும் விடாத விம்பிள்டன்கூட 2023 முதல் பெண்கள் உள்ளே அடர்நிற ஷார்ட்ஸ் போடலாம் என்று விதியை மாற்றியது. அதே வருடம் இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணி வெள்ளை ஷார்ட்ஸை நீலமாக்கியது. நம் பள்ளிக்கு ஜெர்சி தைக்கும் டெய்லரிடம் கறுப்பு ஷார்ட்ஸ் என்று சொல்ல ஒரு போன் போதும். பயிற்சி எடுக்கும் சார்களே, இது உங்கள் வேலை.

மூன்று மாதம் தொடர்ந்து வரவே இல்லை என்றால் "நல்லதாப் போச்சு" என்று இருந்துவிடாதே. உழைப்புக்குத் தக்க சாப்பாடு இல்லாதபோது உடம்பு முதலில் நிறுத்துவது அதைத்தான். அடுத்து எலும்பு பலவீனமாகும். டாக்டரைப் பார்.

தள்ளிப்போடற மாத்திரை, படபடப்புக்கு மாத்திரை, சாமியார் குடுத்த லேகியம் இதெல்லாம் சாப்பிடலாமா?

மூன்றுக்கும் மூன்று பதில்.

தள்ளிப்போடும் மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது நோரெத்திஸ்டிரோன். மெடிக்கலில் நீயாக வாங்காதே. சிலருக்கு அது ஆகாது, டாக்டர் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தருவார். ஒவ்வொரு போட்டிக்கும் போடுகிற பழக்கமும் வேண்டாம். ஊக்கமருந்துச் சோதனைக்குக் கூப்பிட்டால், கடந்த ஏழு நாளில் சாப்பிட்ட மருந்துகளை எழுதச் சொல்லும் படிவத்தில் அதன் பெயரை எழுது.

கை நடுக்கத்துக்குத் தெரிந்தவர் கொடுக்கும் புரோப்ரனலால் வேறு சங்கதி. துப்பாக்கிச் சுடுதலிலும் வில்வித்தையிலும் அது போட்டி இல்லாத நாளில்கூடத் தடை. 2008 பெய்ஜிங்கில் வட கொரிய வீரர் கிம் ஜோங் சு அதற்காகத்தான் ஒரு வெள்ளியையும் ஒரு வெண்கலத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

லேகியத்தில் என்ன கலந்திருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது. சோதனையில் ஏதாவது வந்தால், தெரியாமல் சாப்பிட்டேன் என்பதால் குற்றம் போய்விடாது. தாயத்து வேண்டுமானால் கட்டிக்கொள், வாயில் போடாதே.

என்னை "ராசியில்லாதவ"ன்னு டீம்ல சொல்றாங்க. நான் ஆடினா தோக்குதாம்.

எனக்கும் சொன்னார்கள். கல்லூரி 4×100 ரிலேயில் மூன்றாவது ஓடுபவள் நான். இரண்டு போட்டியில் அடுத்தடுத்து என் கைக்கு வர வேண்டிய குச்சி கீழே விழுந்தது. "இவளச் சேத்தாலே குச்சி மண்ணுலதான்" என்று பயிற்சி கொடுத்தவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். மூன்றாவது போட்டிக்கு என்னை எடுக்கவில்லை. விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள்கூட, அவள் ஹீட்ஸுக்குப் போகும் காலையில் என் முகத்தில் விழிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி எழுந்தாள். நான் அந்த வருடமே ஓட்டத்தை விட்டுவிட்டேன்.

வேலைக்கு வந்தபின், பிள்ளைகளுக்கு ரிலே சொல்லிக்கொடுக்கும்போதுதான் உறைத்தது. வாங்குபவள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு குறி போடுவோம். குச்சியோடு வருபவள் அந்தக் குறியைத் தொட்டதும் இவள் கிளம்ப வேண்டும். எங்கள் காலத்தில் அதைப் பாதத்தால் அளப்போம். எனக்கு 22 அடி. பயிற்சியில் என் வெறுங்காலால் நானே அளப்பேன். போட்டி அன்று நான் வார்ம் அப்பில் இருந்ததால் சீனியர் அக்கா, அவர் ஸ்பைக்ஸோடு அளந்து வைத்தார். அவர் பாதம் என்னுடையதைவிட இரண்டரை சென்டிமீட்டராவது நீளம். இருபத்திரண்டால் பெருக்கிக்கொள்: 55 சென்டிமீட்டர். அவ்வளவு பின்னால் குறி போனால் நான் அவ்வளவு சீக்கிரம் கிளம்பிவிடுவேன். என் கைக்கும் குச்சிக்கும் நடுவே அரை மீட்டர் காற்று.

ஒரு டேப் இருந்தால் தீர்ந்திருக்கும். ராசி என்று ஒரு பதில் கையில் கிடைத்துவிட்டதால் யாரும் டேப்பைத் தேடவில்லை, நான் உட்பட. நீயாகக் கட்டிக்கொண்ட கயிற்றோடு நான் சண்டைக்கு வர மாட்டேன். அடுத்தவர் உன் கழுத்தில் கட்டிவிடுகிற இந்த ராசி, தீட்டு இரண்டோடும்தான் எனக்குச் சண்டை. உன்னைச் சொன்னவர்களிடம் தோற்ற ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட்டைக் கேள். எந்த ரைடில், யார் பிடி தளர்ந்தது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஜெயிச்ச போட்டோவ ஸ்டேட்டஸ்ல போட்டேன். மறு வாரமே முட்டி போச்சு. கண்ணு பட்டுடுச்சுன்னு அம்மா சொல்றாங்க.

அம்மா சுற்றிப் போடட்டும். மிளகாய் வெடிக்கும் சத்தம் கேட்டால் அவர்களுக்கு நிம்மதி. கூடவே இதையும் கேள். வெட்டித் திரும்புகிற, குதித்து இறங்குகிற ஆட்டங்களில் முட்டியின் ஏ.சி.எல். தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல். ஜெயித்ததும் உன்னை அடுத்தடுத்து மூன்று போட்டிக்குக் கூப்பிட்டிருப்பார்கள், ஓய்வே இருந்திருக்காது. குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்காமல் பழகுவது, பின்தொடையை வலுப்படுத்துவது, இவற்றைச் சேர்த்த பதினைந்து இருபது நிமிட வார்ம் அப் காயத்தை நன்றாகவே குறைக்கிறது. கால்பந்துக்காரர்களின் "லெவன் பிளஸ்" அப்படி ஒன்று. யூடியூபில் இருக்கிறது.

பொண்ணுக்கு ஏழரைச் சனி. இந்த வருஷம் அனுப்பாம இருக்கலாமா டீச்சர்?

அம்மா, பதினேழு வயதுக்குட்பட்டோர் பிரிவு சனி பெயர்ச்சிக்காகக் காத்திருக்காது. ஏழரை வருடம் கழித்து அவள் எந்தப் பிரிவில் ஓடுவாள்?

செஸ்ட் நம்பர் கூட்டினா எட்டு வருது. லேனும் எட்டு.

எட்டாவது லேன் 400 மீட்டரில் சிரமம்தான். எல்லோரும் உன் பின்னால் இருப்பார்கள், யாரையும் பார்க்க முடியாது. ராசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரியோவில் வேய்ட் வான் நீகெர்க் 43.03 விநாடியில் உலக சாதனை ஓடியது எட்டாவது லேனில். செஸ்ட் நம்பருக்கு ஊக்கு நாலையும் சரியாகக் குத்து. நம்பரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சாமி கும்பிடறதும் மூடநம்பிக்கையா மிஸ்?

நான் அப்படி நினைக்கவில்லை. 2025 அக்டோபர் 30, நவி மும்பை, உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 339 ரன் இலக்கு. ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 ரன் எடுத்துக் கடைசிவரை அவுட்டாகாமல் நின்று ஜெயிக்க வைத்தார். ஆட்டம் முடிந்ததும், அந்தத் தொடர் முழுக்கத் தன்னைப் பதற்றம் வாட்டியது, அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன், சக வீராங்கனைகள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார்கள் என்று கண்ணீரோடு சொன்னார். இடையில் ஓர் ஆட்டத்தில் அவரை அணியிலிருந்தே உட்கார வைத்திருந்தார்கள். கடைசியில் தெம்பு தீர்ந்தபோது பைபிள் வசனம் ஒன்றைத் தனக்குள் சொல்லிக்கொண்டு நின்றாராம். மனு பாக்கருக்கு டோக்கியோவில் போட்டி நடுவே துப்பாக்கி பழுதாகி நேரம் போனது. பாரிஸில் வாங்கிய இரண்டு வெண்கலத்தில் முதலாவது கிடைத்தபோது, பலனை விட்டுவிட்டுச் செயலைப் பார் என்ற கீதை வரியை நினைத்துக்கொண்டேன் என்றார். இருவரும் நிற்கத் தெம்பு கேட்டார்கள். "ஜெயிக்க வை, மொட்டை போடுகிறேன்" என்று பேரம் பேசுவதும் உண்டு, நானும் பேசியிருக்கிறேன். அதில் தோற்றால் சாமியோடும் மனஸ்தாபம் வந்துவிடுகிறது.

இது சாதாரணப் பயமா, டாக்டர்கிட்ட போகணுமான்னு எப்படித் தெரியும்?

போட்டி முடிந்ததும் பயமும் முடிந்தால் சாதாரணம். போட்டியே இல்லாத நாளிலும் நெஞ்சு அடைப்பது, இரண்டு வாரமாகத் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் இருப்பது, மைதானப் பக்கமே வரப் பிடிக்காமல் போவது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். கதவைப் பூட்டினோமா என்று இருபது தடவை பார்க்கிற மாதிரி சடங்குகள் பெருகி மணிக்கணக்கில் இழுத்தாலும் அப்படித்தான்.

முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ரத்தசோகையிலும் தைராய்டு கோளாறிலும் இதயம் இதே மாதிரி படபடக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. "இவளுக்கு டென்ஷன்" என்று நான் முடிவு கட்டிய ஒரு பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 8 இருந்தது.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலை 27, டோக்கியோவில் அணி இறுதிப் போட்டி. ஓடிவந்து எகிறிக் காற்றில் இரண்டரைச் சுற்றுச் சுற்ற வேண்டிய வால்ட்டில் ஒன்றரையோடு இறங்கினார். காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தலைகீழாக இருக்கும்போது அது தெரியவில்லை என்றால் கழுத்து முறியும். அன்று விலகினார், ஒரு வாரம் கழித்து பீமில் மட்டும் ஆடி வெண்கலம் எடுத்தார். தொடர்ந்து சிகிச்சையில் இருந்தார். 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி.

சாகணும் போல இருக்கிறது என்று பிள்ளை சொன்னால், விளையாட்டாகச் சொன்னாலும், அன்றே யாரிடமாவது பேசுங்கள். டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

உங்களுக்கு இப்போ அப்படி எதுவும் இல்லையா மிஸ்?

ஒரு விசில் இருக்கிறது. பித்தளை, உள்ளே இருக்கும் கட்டை தேய்ந்து சத்தம் கொஞ்சம் கரகரக்கும். முதல் தடவை மாநிலப் போட்டிக்குப் போனபோது கழுத்தில் இருந்தது. போன வருடம் மாவட்ட இறுதிப் போட்டிக்கு அதை வீட்டு ஆணியிலேயே மறந்துவிட்டுப் போய், கடையில் முப்பது ரூபாய்க்கு பிளாஸ்டிக் விசில் வாங்கினேன். அன்றைக்கு ஒன்பது பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தோம். மண்டலப் போட்டிக்குப் பித்தளை விசிலைத்தான் எடுத்துக்கொண்டு போனேன்.